எனக்குத் தெரியும்

மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீடு. 1896ஆம் வருடம் ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. பதினாறு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்து ஆங்கில இலக்கணம் எழுதிக்கொண்டிருக்கிறான். பாடம் படிக்காததற்கு வாத்தியார் கொடுத்த தண்டனை அது. பெயின் எழுதிய இலக்கணப் புத்தகத்தில் ஒரு பாடத்தை மூன்று தடவை பார்த்தெழுத வேண்டும். இரண்டு முடிந்தது. மூன்றாவதில் கை நின்றது. நோட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணன் பார்த்துச் சுருக்கென்று ஏதோ சொன்னான். அண்ணனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டு, பையன் அன்றைக்கே ரயிலேறினான். மூன்று நாள் கழித்துத் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவன் வீடு திரும்பவே இல்லை.

வெங்கடராமன் என்கிற அந்தப் பையனுக்கு ரமண மகரிஷி என்ற பெயர் பிறகு வந்தது. பிறந்த ஊர் திருச்சுழி. அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே கரிசலும் கண்மாயும் கருவேலமுமாகப் போகும் சாலையில் கொஞ்ச நேர பஸ் பயணம். அப்பா சுந்தரமய்யர் அங்கே வக்கீல் தொழில் பார்த்தவர். 1892இல் அவர் இறந்துபோனதும் பிள்ளைகள் மதுரைக்கு உறவுக்காரர் வீட்டுக்கு வந்தார்கள். வெங்கடராமன் படித்தது முதலில் ஸ்காட் மிடில் ஸ்கூல், பிறகு அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல். பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற சங்கம் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு ஆளனுப்பித் தொடங்கிய மிஷனின் பள்ளிக்கூடம் அது. அந்த மிஷன் திருமங்கலம், பசுமலை, மானாமதுரை, வத்தலக்குண்டு என்று ஊர் ஊராக நிலையம் வைத்து அருப்புக்கோட்டைக்கும் வந்தது.

ஆக, இந்த வறண்ட வட்டாரத்துக்கு இரண்டு கதைகள் சொந்தம். ஊருக்கு உபதேசிக்கக் கடல் கடந்து வந்து, உட்கார்ந்து தமிழ் கற்றவர்கள் கதை ஒன்று. அவர்கள் நடத்திய பள்ளியில் படித்து, யாரையும் தேடிப் போகாமல் ஒரு மலையடியில் உட்கார்ந்துவிட்டவரின் கதை மற்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கேள்வி வருகிறது. உண்மை தன்னிடம் இருக்கிறது என்ற உறுதியோடு ஒருவன் இன்னொரு தேசத்துக்குப் போகிறான். போன இடத்தில் அவனுக்குக் கிடைக்கும் பயிற்சி அவனை என்ன செய்கிறது?

இந்தக் கேள்விக்கு இன்றைய முகம் வேண்டுமென்றால் மோர்மோன்களைப் பார்க்கலாம். 1830இல் ஜோசப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை அது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப்பெயர். மோர்மோன் என்று தங்களை அழைக்க வேண்டாமென்று 2018இல் சபையே கேட்டுக்கொண்டது, ஆனாலும் பழைய பெயர்தான் ஊர்வாயில் நிற்கிறது. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, எங்கே போனாலும் இரண்டு பேர்: உலகத்தின் பல நகரத் தெருக்களில் பார்த்த உருவம். பையன்கள் 18 வயதிலும் பெண்கள் 19 வயதிலும் போகலாம் என்று 2012இல் வயது வரம்பைக் குறைத்தார்கள். பையன்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்குப் பதினெட்டு மாதம். எந்த நாடு என்பதைத் தலைமை முடிவு செய்யும், போகிறவர் தேர்ந்தெடுக்க முடியாது. சம்பளம் கிடையாது, செலவில் பெரும்பங்கு அவர்களுடைய குடும்பத்தின் தலையில். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மீசை அரும்பும் இந்தப் பையன்களுக்குச் சபை கொடுக்கும் பட்டம் ‘எல்டர்’. தமிழ் விவிலிய வழக்கில் சொன்னால் மூப்பர்.

அவர்களுடைய பெரிய பயிற்சி நிலையம் யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரத்தில் இருக்கிறது. அது தொடங்கிய கதை நமக்கு நன்றாகப் புரியும். மெக்சிகோவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போக வேண்டியவர்களுக்கு விசா வரத் தாமதமானது. காத்திருக்கும் நாளில் சும்மா இருப்பானேன், ஸ்பானிஷ் படிக்கட்டும் என்று 1961 டிசம்பரில் ஒரு மொழிப் பள்ளி திறந்தார்கள். விசாவுக்காக நின்ற வரிசை பாடசாலையாகி, இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் சொல்லித்தரும் வளாகமாக வளர்ந்துவிட்டது. 1983இல் பிலிப்பைன்ஸின் மணிலாவிலும் ஒன்று திறந்தார்கள். சில வாரங்களில் ஒரு புது மொழியில் வாய் திறக்க வைப்பதில் இவர்களுடைய திறமையை மொழி ஆசிரியர்களே ஆச்சரியத்தோடு பேசுவார்கள். காலையில் எழும் நேரம், படிக்கும் நேரம், சாப்பிடும் நேரம் எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. கூட்டாளியை விட்டுத் தனியே எங்கும் போகக் கூடாது. வீட்டுக்கு வருடத்தில் இரண்டு தடவைதான் போன் என்றிருந்தது, 2019இல்தான் வாரம் ஒருமுறை பேச விட்டார்கள். வெளிநாட்டில் இறங்கியதும் முதல் கூட்டாளியாக அமைபவர்தான் பயிற்சியாளர். அவரும் இருபது வயதுப் பையன்தான், இவருக்கு ஒரு வருடம் முன்னால் வந்தவர், அவ்வளவுதான்.

1961இலிருந்து இவர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டிய பாடங்கள் ஒரே வாசகமாக அச்சிட்டுக் கொடுக்கப்பட்டன. அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். 2004இல் வந்த புதிய கையேடுதான் அதை மாற்றி, சொந்த வார்த்தையில் சொல் என்றது. வார்த்தை மாறினாலும் மையத்தில் இருக்கும் செயல் மாறவில்லை. அதற்குச் சாட்சி சொல்வது என்று பெயர். அவர்களுடைய சாட்சி ‘நம்புகிறேன்’ என்று தொடங்குவதில்லை, ‘இது உண்மை என்று எனக்குத் தெரியும்’ என்று தொடங்கும். புது மொழியில் ஜெபத்தோடு சேர்த்து முதல் நாட்களிலேயே கற்றுத்தருவது இந்த வாக்கியத்தைத்தான். கடைக்குப் போய்த் தக்காளி விலை கேட்கத் தெரியாத ஒருவர், பிரபஞ்சத்தின் முடிவான உண்மை தமக்குத் தெரியும் என்று மட்டும் அந்த மொழியில் சொல்லிவிடுவார். இதைச் சிரித்துக் கடந்துபோவது சுலபம். கொஞ்சம் நின்று பார்த்தால் தத்துவச் சிக்கல் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் அறிகிறவன் எழுவாய். ‘நான்’ முன்னால் நின்று அறிகிற வேலையைச் செய்கிறான், ஓடுவது போல, தூக்குவது போல. தமிழில் அந்த ‘நான்’ பின்னால் நகர்ந்து ‘எனக்கு’ ஆகிவிடுகிறது. எனக்குத் தெரியும். எனக்குப் புரிகிறது. எனக்குப் பசிக்கிறது. அறிவும் பசியும் நம் மொழியில் நாம் செய்யும் காரியங்கள் அல்ல, நமக்கு வந்து சேர்பவை. அதற்கு நான்காம் வேற்றுமை. அந்த வேற்றுமைக்கு நன்னூலார் சொல்லும் பொருள்களில் முதலாவது கொடை. தமிழில் சாட்சி சொல்லப் பழகும் வெளிநாட்டு இளைஞன், தனக்குத் தெரியாமலே, தன் ‘நான்’ ஆண்ட இடத்தை விட்டுக் கொடுக்கப் பழகுகிறான். அவனுக்கு அது வெறும் ‘கு’ உருபு. அந்த உருபு என்ன வேலை செய்கிறது என்று உணர அவனுக்கு அவகாசம் கிடைக்குமா?

மோர்மோன்கள் தமிழ் மண்ணுக்கு முதலில் வந்தபோது அந்தப் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் கூடிய மாநாட்டில் இந்தியாவுக்கு ஒன்பது பேரையும் சயாமுக்கு நான்கு பேரையும் பெயர் சொல்லி அழைத்தார்கள். அடுத்த வருடம் கல்கத்தாவில் இறங்கி அங்கிருந்து பிரிந்தவர்களில் ரிச்சர்ட் பாலன்டைனும் ராபர்ட் ஸ்கெல்டனும் 1853 ஜூலையில் சென்னைக்கு வந்தார்கள். பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், யூட்டாவில் ஞாயிறு பள்ளியைத் தொடங்கி வைத்த பெருமை உள்ளவர். கையில் பணமில்லாமல், கிடைத்த இடத்தில் தங்கி ஊழியம் செய்வது அக்கால மோர்மோன் வழக்கம். பயிற்சி என்ற ஒன்று இல்லை. தமிழும் இல்லை. ஆங்கிலம் தெரிந்த சிப்பாய்களிடமும் உத்தியோகஸ்தர்களிடமும் பேசினார்கள், ஆங்கிலத்தில் துண்டுப் பிரசுரமும் சின்னப் பத்திரிகையும் அச்சடித்தார்கள். அவர்களை அனுப்பிய அதே மாநாட்டில்தான் சபை பலதார மணத்தை வெளிப்படையாக அறிவித்திருந்தது. அந்தச் செய்தி இவர்களுக்கு முன்னால் வந்து வாசலில் நின்றது. சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஒரே வருடத்தில் பாலன்டைன் கப்பலேறிவிட்டார். சென்னைத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு இவர்கள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

நூறு வருடம் கழித்து நடந்தது இன்னும் சுவாரசியம். 1950களில் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கணக்கர் ஒருவர் கையில் அந்தச் சபையின் பழைய துண்டுப் பிரசுரம் ஒன்று கிடைக்கிறது. படிக்கிறார், கடிதம் எழுதுகிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார், மறுபடி எழுதுகிறார். 1965இல் ஞானஸ்நானம் பெறுகிறார். தமிழகத்தில் அந்தச் சபை முளைவிட்டது இப்படித்தான். பயிற்சி பெற்ற எவரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. பெங்களூரைத் தலைமையிடமாக வைத்து மிஷன் வந்தது 1993இல்தான்.

பாலன்டைன் வருவதற்குக் கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, வேறு மாதிரிப் பயிற்சி தரங்கம்பாடியில் நடந்திருந்தது. ஜெர்மனியில் பிறந்து டென்மார்க் அரசர் செலவில் வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலை 9ஆம் தேதி கரையிறங்கினார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது நிறைந்தது. கிட்டத்தட்ட இன்றைய மோர்மோன் பையன்களின் வயது. தமிழுக்கு அவர் கையாளக்கூடிய அகராதியோ இலக்கணமோ இல்லை. அவர் ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்த வைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துக் கூட்டினார். சில வருடத்தில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சேற்றினார். அதோடு நிறுத்தவில்லை. ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கினார். வெள்ளைக்காரர் குடிப்பதையும் மாடு தின்பதையும் பார்த்துவிட்டு உங்கள் வேதத்தை எப்படி மதிப்பது என்ற பாணியில் அந்தக் கடிதங்கள் திருப்பிக் கேட்டன. அவர் அதையும் மறைக்காமல் மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரிசையைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் ஹாலே நகரத்துக்குப் போனது. அங்கிருந்த ஃபிராங்கே, சீகன்பால்குவை வார்த்து அனுப்பிய குரு ஸ்தானத்தில் இருந்தவர். புறமதத்தை வேரறுக்க அனுப்பினால் இவர் அதை ஐரோப்பாவில் பரப்பப் பார்க்கிறாரே என்ற கருத்தில் அவர் முகம் சுளித்ததாகச் சொல்வார்கள். நூல் கிடப்பில் கிடந்தது. அச்சேறியது 1867இல், சென்னையில். சீகன்பால்கு தம் நம்பிக்கையில் இம்மியும் தளரவில்லை, சைவ வைணவத்தை மெய் என்று ஏற்கவும் இல்லை. ஆனால் மணலில் எழுதிய விரலுக்கு எங்கே நிற்பது என்று தெரியாமல் போய்விட்டது. பயிற்சி எஜமானர்கள் போட்ட கோட்டைத் தாண்டி ஓடியது.

மிஷனரிகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவருக்கு முன்ஷி என்று பெயர். முதல் இரண்டு வருடம் மொழிக்கு, அதன் முடிவில் பரீட்சை என்பது பல மிஷன்களில் வழக்கமாக இருந்தது. அந்தக் காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். மிஷன் பங்களா வராந்தா. நாற்காலியில் மாணவர். எதிரே தலைப்பாகையோடு ஆசிரியர். சம்பளம் கொடுப்பவர் மாணவர், உச்சரிப்பைத் திருத்துபவர் வேலைக்காரர். காணிக்கை வைத்துக் காலில் விழுந்து கற்பதுதான் கல்வி என்றிருந்த ஊரில் இது தலைகீழ். மாணவர் பாடம் முடிந்து எழுந்துபோய், கற்ற அதே தமிழில், ஆசிரியரின் தெய்வம் பொய் என்று கடைத்தெருவில் பேசுவார். மறுநாள் காலை இருவரும் மறுபடி எதிரெதிரே உட்கார்ந்து நேற்று விழுந்த வல்லின மெல்லினப் பிழைகளைச் சரிபார்ப்பார்கள். அந்த முன்ஷிகள் மனதில் என்ன ஓடியது என்று எழுதிவைத்தவர் குறைவு. அவர்கள் பெயர்களே பல இடங்களில் பதிவாகவில்லை.

பதிவான இரண்டு பேர் இரண்டு திசைக்குப் போனார்கள். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய ஏசுசபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, பறங்கி என்ற பெயர் தம்மீது ஒட்டாமல் பார்த்துக்கொண்டார். அவருக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்த சிவதர்மர் என்ற பிராமணர் கடைசியில் மாணவரிடமே ஞானஸ்நானம் பெற்றார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கதை நேர் எதிர். வெஸ்லியன் மிஷனின் பீட்டர் பெர்சிவலோடு வருடக்கணக்கில் உட்கார்ந்து விவிலியத்தைத் தமிழாக்கினார். 1848இல் அந்த வேலையை விட்டு வெளியே வந்து வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி வைத்தார், அச்சகம் வைத்தார், கோயிலில் நின்று பிரசங்கம் செய்தார். பெர்சிவல் நாவலரிடம் தமிழ் கற்றார். நாவலர் பெர்சிவலிடம் மிஷன் நடத்தும் வித்தையைக் கற்றார். யாருக்கு யார் பயிற்சி கொடுத்தது என்று அறுதியிட்டுச் சொல்வது கஷ்டம். நாவலர் மறைந்தது 1879 டிசம்பர் 5. அதே மாதம் 30ஆம் தேதி திருச்சுழியில் வெங்கடராமன் பிறந்தான். கரிசல் பக்கத்தில் அப்போது இன்னொரு நினைவும் ஆறாமல் இருந்தது.

அது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை மழை பொய்த்துச் சென்னை மாகாணமே சுருண்டது. ஏரிப்பாசனமும் மானாவாரியும் நம்பியிருந்த ராமநாதபுரம் சீமைக்கு அடி பலம். அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் அந்தச் சீமையில்தான். 1985இல்தான் தனி மாவட்டம் பிரிந்தது. பஞ்சத்தில் மிஷன்கள் கஞ்சி ஊற்றின, அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தன. தென்பாண்டிச் சீமையில் ஊர் ஊராக ‘வேதத்தில் சேர்ந்தார்கள்’. கேலியாக அரிசிக் கிறிஸ்தவர் என்ற பெயரும் வந்தது. பசித்தவன் வயிற்றுக்காகச் சேர்ந்தான் என்று சொல்வது எளிது. கிணற்றடியில் தண்ணீர் எடுக்க விடாதவர்களும், தெருவில் செருப்போடு நடக்க விடாதவர்களும் அதைச் சொன்னபோது இன்னும் எளிதாக இருந்தது. கஞ்சி கொடுத்தவன் சொன்ன கடவுளைக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பது காரணமற்ற காரியம் அல்ல. ஆனால் கஞ்சிக் கலயத்தை நீட்டியபடி பேசும் வாய்க்கு ஒரு குறை உண்டு. எதிரே தலையாட்டுகிறவர் எதற்குத் தலையாட்டுகிறார் என்று அதற்குத் தெரிய வழியில்லை. எந்தப் பயிற்சிப் பள்ளியாலும் அந்தக் குறையைத் தீர்க்க முடிந்ததில்லை.

இந்தப் பக்கத்து மக்கள் அந்தப் புதிய மதத்தைத் தங்கள் சொல்லால் பிடித்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர் வேதக்காரர் ஆனார், மாதா கோயில் வேதக்கோயில் ஆனது. சத்திய வேதம் என்று சொல்லிக் கொடுத்த பழைய பாதிரியார்களின் தந்திரம் கிராமத்து வாயில் சாதாரணப் பெயர்ச்சொல்லாகிவிட்டது. அமெரிக்கப் பாதிரியார்களும் இங்கே இருக்க இருக்க மாறினார்கள். வெயிலும் காலராவும் தாங்காமல் 1845இல் மலையேறி இரண்டு பங்களா கட்டினார்கள், கொடைக்கானல் அதிலிருந்து வளர்ந்த ஊர். சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். சொந்தச் சபைக்குள்ளேயே பலர் எழுந்து போனார்கள். பாஸ்டனில் எந்த வகுப்பும் அவர்களை அந்தப் பந்திக்குத் தயார் செய்திருக்க முடியாது.

மதுரை மிஷனின் ஜான் சாண்ட்லர் வாழ்க்கை இதில் தனியே நின்று பார்க்கத் தக்கது. அந்த மிஷனின் எழுபத்தைந்து வருட வரலாற்றை எழுதியவர் அவர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காகத் தமிழ்ப் பேரகராதி வேலை தொடங்கியபோது முதல் பதிப்பாசிரியர் ஆனார், 1922 வரை இருந்தார். பிறகு வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்று 1936இல் முடித்தபோது அதில் ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்கள். ஓர் ஊழியக்காரர் அகராதி வேலையில் இறங்கினால் அவருடைய செய்திக்குத் தேவையில்லாத சொற்களையெல்லாம் சேர்த்தாக வேண்டும். சிவாகமச் சொல், வைத்தியச் சொல், வசைச்சொல், வேளாண்மைச் சொல், எதிர்மதத்தின் சொல் எல்லாம். அகராதிக்காரனுக்குப் பொய்த் தெய்வம் என்று ஒரு பதிவைத் தள்ளிவைக்க அதிகாரம் கிடையாது. உபதேசிக்க வந்தவரைப் பொருளறிய உட்காரவைக்க அகராதியைவிடக் கடுமையான ஆசிரியர் இருக்க முடியாது.

இங்கே மோர்மோன் ஏற்பாட்டின் மேல் ஒரு குறை சொல்லத் தோன்றுகிறது. வாய் திறக்க வைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மொழி தன் வேலையைத் தொடங்கும் நேரத்தில் பையனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு வருடம் முடிந்ததும் விமானம், கல்லூரி, கல்யாணம். எப்போதும் கூட்டாளி பக்கத்தில் இருப்பதால், ஒரு பாட்டி சொன்ன பதிலை இரவெல்லாம் தனியே புரட்டிப் பார்க்கவும் இடமில்லை. போய்வந்த நாட்டை ஆயுசுக்கும் மறக்காமல் அதன் மொழியைப் பிழைப்பாகவே எடுத்துக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு, அதை மறுக்க முடியாது. அது அவர்களுடைய பயிற்சிக்கு வெளியே நடந்த காரியம்.

இந்தியச் சட்டமும் இந்த இடத்தில் ஒரு கோடு கிழிக்கப் பார்த்தது. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் தன் கொள்கையை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மாற்றும் உரிமை அதில் அடங்காது என்றது. அந்தத் தீர்ப்பின் சரி தப்பு பற்றிச் சட்டக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கேட்கிறவனுக்கு மாறும் உரிமை எங்கே போயிற்று என்பது நியாயமான எதிர்க்கேள்வி. மாறினால் கேட்கிறவன்தான் மாறுவான் என்று இரண்டு தரப்புமே எடுத்துக்கொண்டன. சொல்கிறவன் மாறிப்போவதைப் பற்றி இருவருக்கும் யோசனையே இல்லை.

அப்படி மாறிப்போனவர் ஆன்ரி லெ சோ. பிரான்ஸில் பிரித்தானி கடற்கரையில் 1910இல் பிறந்த பெனடிக்ட் சபைத் துறவி. 1948இல் இந்தியா வந்து குளித்தலையில் தங்கினார். 1939 முதல் இந்தியாவில் இருந்த ஜூல் மோன்ஷானென் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரோடு சேர்ந்து, இந்தியச் சந்நியாச முறையில் ஒரு கிறிஸ்தவ மடம் வைப்பது திட்டம். லெ சோ தமிழ் கற்றார். கற்றுக்கொண்டிருக்கும்போதே, 1949 ஜனவரியில், இருவரும் திருவண்ணாமலை போனார்கள். மதுரையில் நோட்டை ஓரமாக வைத்துவிட்டுப் போன பையனுக்கு அப்போது அறுபத்தொன்பது வயது, கையில் கட்டி வரத் தொடங்கியிருந்த சமயம்.

முதல் நாள் லெ சோவுக்கு ஏமாற்றம்தான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, எதிரே ஒரு தாத்தா சாதாரணமாக உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் வந்து படுத்தார். அப்புறம் வேதபாராயணத்தின் ஒலியும் அந்த முகமும் உள்ளே போய்விட்டன, வெளியே எடுக்க முடியவில்லை. 1950 மார்ச்சில் காவிரிக்கரையில் சாந்திவனம் தொடங்கியது. மோன்ஷானென் பரம அரூபி ஆனந்தம் ஆனார், லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். அடுத்த மாதம் ஏப்ரல் 14இல் ரமணர் மறைந்தார். பிறகு வருடக்கணக்கில் லெ சோ விட்டு விட்டு அருணாசலத்தின் குகைகளில் தங்கினார். மந்தை சேர்க்க வந்த மனிதரை மதம் மாற்றியவர் என்று அங்கே சொல்ல யாருமில்லை. தாமும் கிறிஸ்தவத்தை விடவில்லை, பூசை வைப்பதையும் விடவில்லை. அத்வைத அனுபவமும் திரித்துவமும் ஒரே நெஞ்சில் மோதிக்கொள்ள விட்டுவிட்டு அந்த வலியோடேயே 1973 டிசம்பரில் இந்தூரில் இறந்தார். நொபிலிக்குக் காவி ஓர் உடை, உள்ளே இருந்த செய்தி அப்படியே இருந்தது. லெ சோவுக்கு உடை தோலோடு ஒட்டிக்கொண்டது. அவர் வழிதவறினார் என்பவர்களும் உண்டு, அவர்தான் போக வேண்டிய தூரம் போனார் என்பவர்களும் உண்டு. மோன்ஷானெனே கடைசிக் காலத்தில் கவலைப்பட்டார். கவலைப்பட அவருக்குக் காரணம் இருந்தது, ஏனென்றால் அவர்கள் எதைச் சொல்ல வந்தார்களோ அது என்னவாயிற்று என்ற கேள்விக்குச் சாந்திவனம் பதில் சொல்லவில்லை.

திருவண்ணாமலையில் அப்படியென்ன பயிற்சி நடந்தது? 1902 வாக்கில் ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை அங்கே போனார். ரமணர் அப்போது பேசுவதில்லை. கேட்ட கேள்விகளுக்கு மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டினார், தரங்கம்பாடியில் ஒரு ஜெர்மானியர் எழுதப் பழகிய அதே மாதிரி. அந்தப் பதில்கள்தான் ‘நான் யார்?’ என்ற சின்னப் புத்தகம். அதில் சொல்லும் முறை ஓர் இலக்கணப் பயிற்சி போலவே இருக்கிறது. ஓர் எண்ணம் வந்தால் அது யாருக்கு வந்தது என்று கேள். எனக்கு என்று பதில் வரும். அந்த எனக்கு யார் என்று கேள். தமிழ் வாக்கியத்தில் பின்னால் நகர்ந்து நின்றிருந்த அந்த நான்காம் வேற்றுமையைப் பிடித்து இழுத்து, இதற்குப் பின்னால் எவன் இருக்கிறான் என்று பார்க்கச் சொல்கிறது. வேறு மொழியில் இந்தக் கேள்வி எழாது என்பதில்லை. மேற்கத்தியர் வந்தால் ரமணரே விவிலியத்திலிருந்து, மோசேக்குக் கடவுள் தம் பெயரைச் சொன்ன இடத்தை எடுத்துக் காட்டுவார். மிஷன் பள்ளி மாணவரல்லவா. ஆனால் ‘எனக்குத் தெரியும்’ என்று வந்து நிற்கிறவரிடம், தெரிந்தது என்ன என்று வாதம் செய்யாமல், ‘எனக்கு’ என்றது எவர் என்று திரும்பிக் கேட்பது தமிழில் வெகு இயல்பாக வருகிறது. இந்தக் கேள்விக்கு எதிர்வாதம் செய்ய எந்த மிஷன் கையேட்டிலும் பாடம் இல்லை. அவருக்கும் ஆள் சேர்த்து அனுப்பும் எண்ணம் இருந்ததில்லை.

திருச்சுழியில் திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்திலேயே அவர் பிறந்த வீடு இருக்கிறது, சுந்தர மந்திரம் என்று பெயர். பெருவெள்ளத்தைச் சிவன் சூலத்தால் குத்திச் சுழித்துப் பூமிக்குள் இறக்கிய இடம் என்பது ஊர்ப் புராணம். குண்டாறு பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் ஊருக்கு இப்படி ஒரு வெள்ளக் கதை. வெளிநாட்டுக்காரர்கள் மதுரையில் கார் பிடித்து வருகிறார்கள், உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார்கள். ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்வதற்குள் அவர்களுக்கு நாக்கு சுளுக்கிவிடும். எந்த மிஷனைச் சேர்ந்த மாணவரானாலும் முன்ஷி அதிக நேரம் செலவழித்தது அந்த ஓர் எழுத்துக்குத்தான். நுனிநாவை மடித்து, அண்ணத்தில் படாமல் நிறுத்தி, மறுபடி, மறுபடி. பரீட்சையில் ழகரம் தேறியவர் பெருமையோடு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றால், நரிக்குடி பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கியபடி கூவிக்கொண்டிருப்பார்: “திருச்சுளி, திருச்சுளி, திருச்சுளி!”